வீடியோல கை தூக்குற இந்த மிருகம் நம்ம ஊரு தேவாங்கா? வீட்ல வளக்கலாமா?

செல்விமலர்:
எல்லாருக்கும் வணக்கம், ஒரு சந்தேகம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வீடியோ வந்துச்சு, பெரிய பெரிய கண்ணோட ஒரு குட்டி மிருகம், மெத்தை மேல படுத்துருக்கு, ஒருத்தர் அதோட அக்குள்ல கிச்சுகிச்சு மூட்டுறாரு, அது ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு அப்படியே கெடக்கு, விரல எடுத்தா கைய எறக்குது, திரும்ப தொட்டா தூக்குது. என் பொண்ணுக்கு 9 வயசு, ரெண்டு நாளா அதையேதான் போட்டுப் பாக்குறா, நமக்கும் ஒண்ணு வாங்கலாம்மான்னு கேக்குறா. மாமியார் பாத்துட்டு இது தேவாங்கு, எங்க ஊரு கரட்டுலயே கெடந்துச்சுன்னு சொல்றாங்க. கீழ கமெண்ட்ல ஸ்லோ லோரிஸ்னு போட்டுருக்கு. ரெண்டும் ஒண்ணா, வளக்கலாமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராஜா_கோவை:
தேவாங்குன்னா அந்த மெதுவா மரத்துல தொங்குமே, மூணு விரல் நகத்தோட, கார்ட்டூன் படத்துல கூட வருமே அதானே? ஆனா நீங்க சொல்றது வேற மாதிரி இருக்கே.

கடவூரான்:
ராஜா ப்ரோ அது ஸ்லாத், தென் அமெரிக்கா மிருகம், எறும்புத்தின்னிக்கும் ஆர்மடில்லோவுக்கும் சொந்தம். தமிழ்ல டப்பிங் பண்றவங்களும் செய்தி போடுறவங்களும் அதுக்கும் தேவாங்குன்னே பேர் வச்சுட்டாங்க, அதனால இந்தக் குழப்பம் எல்லாருக்கும் இருக்கு. நம்ம தேவாங்கு குரங்கு வகையறா. நான் கடவூர் மலைக்குப் பக்கத்து ஊரு, சின்ன வயசுலேருந்து பாத்துருக்கேன்.

செல்விமலர் அக்கா, உங்க மாமியார் சொன்னதுல பாதி சரி. நம்ம தேவாங்கு ஒல்லி, கை கால் குச்சி மாதிரி நீளமா இருக்கும், மொத்த எடையே கால் கிலோ அளவுதான், வால்னு ஒண்ணு தெரியவே தெரியாது. வீடியோல வர்றது ஸ்லோ லோரிஸ், அது குண்டு, உருண்டையா பஞ்சு பொம்மை மாதிரி இருக்கும், தமிழ்நாட்டுல எந்தக் காட்டுலயும் கெடையாது. பெரியப்பா பிள்ளை சித்தப்பா பிள்ளைன்னு வச்சுக்கங்க.

வளக்குறத பத்தி கேட்டீங்க. கூடாதுக்கா. ரெண்டுமே நம்ம நாட்டு வன உயிர் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு.

இரவாடி:
சட்டத்த விட முக்கியமான விஷயம் ஒண்ணு சொல்லணும், உங்க பொண்ணுக்கும் காட்டுங்க. அந்த வீடியோ 2009ல யூடியூப்ல வந்தது, உலகம் பூரா சுத்துச்சு. அதுல அந்த உயிர் கைய தூக்குறது கூச்சத்துலயும் இல்ல சந்தோஷத்துலயும் இல்ல. ஸ்லோ லோரிஸுக்கு முழங்கை மடிப்புக்கு மேல உள்பக்கமா ஒரு சுரப்பி இருக்கு, லேசா மேடா முடி கம்மியா இருக்கும். பயந்துச்சுன்னா கைய தலைக்கு மேல தூக்கி அந்தச் சுரப்பிய வாய்க்குப் பக்கத்துல கொண்டு வரும், அதுலேருந்து வர்ற எண்ணெய் மாதிரி திரவத்த நக்கும், அது எச்சிலோட சேந்தா விஷம். கீழ்த்தாடை முன்பல்லு சீப்பு மாதிரி நெருக்கமா முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கும், அந்த இடுக்கு வழியா விஷம் ஏறி கடிக்கிறப்போ உள்ள போயிடும். குரங்கு இனத்துல விஷம் இருக்குறது இது ஒண்ணுக்குத்தான்.

அதாவது நாம கிச்சுகிச்சுன்னு நெனச்சுப் பாத்துட்டு இருக்குற அந்த 1 நிமிஷமும் அது "கிட்ட வராத, கடிச்சிருவேன்"னுதான் சொல்லிட்டு இருக்கு.

ராஜா_கோவை:
இல்ல ப்ரோ நானும் பாத்துருக்கேன் அந்த வீடியோ, புடிக்கலன்னா ஓடிருக்கலாம்ல, கடிச்சிருக்கலாம்ல, ஏன் அப்படியே கெடக்கணும்? எங்க வீட்டு நாய் கூட வயித்த காட்டிட்டுப் படுக்கும், அது சந்தோஷம்தானே.

இரவாடி:
நல்ல கேள்விதான். நாய் நம்மகூட பல ஆயிரம் வருஷம் வாழ்ந்த பிராணி, அதோட உடம்பு பேசுறது நமக்குப் புரியும், அந்தப் பழக்கத்துல எல்லா மிருகத்தையும் நாய படிக்கிற மாதிரியே படிக்கிறோம், தப்பு அங்கதான். லோரிஸால ஓட முடியாது, குதிக்கவும் முடியாது, தாவுற எலும்பமைப்பே கெடையாது. எதிரி பக்கத்துல வந்தா அசையாம நிக்குறதுதான் அதோட முதல் தற்காப்பு. பிடிச்ச பிடிய விடாம மணிக்கணக்கா நிக்கும், அதுக்குன்னே கை கால்ல ரத்தக்குழாய் வலை மாதிரி பின்னிப் பின்னி இருக்கு, நம்ம கைய மடக்கி வச்சா மரத்துப் போகுமே, அது மாதிரி அதுக்கு ஆகாது. ஆள்காட்டி விரல் சின்ன மொட்டையா சுருங்கிப் போயிருக்கும், கட்டை விரல் மத்த விரலுக்கு நேர் எதிர்ப்பக்கம் திரும்பி இடுக்கி மாதிரி கிளைய கவ்வும்.

இன்னொன்னு, அந்த வீடியோ பட்டப்பகல் மாதிரி லைட்டுல எடுத்தது. ராத்திரி நடமாடுற உயிர், கண்ணுக்குள்ள கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு, வர்ற கொஞ்சூண்டு வெளிச்சத்தையும் திருப்பி விட்டு ரெண்டு தடவ பாக்க வைக்கும், டார்ச் அடிச்சா கண்ணு செவப்பா மின்னுறது அதனாலதான். அந்தக் கண்ண ட்யூப் லைட்டுக்குக் கீழ வச்சா எப்படி இருக்கும்னு யோசிங்க.

நர்ஸ்_அனு:
கடியப் பத்தி நான் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா விஷம்னு சொன்னா எல்லாரும் பாம்பு மாதிரி நெனைக்கிறாங்க. லோரிஸ் சுரப்பில இருக்குற புரதம் பூனையால வர்ற அலர்ஜிக்குக் காரணமான புரதத்தோட சாயல்ல இருக்கு. அதனால கடிபட்ட ஆளுக்கு ஆபத்து பெரும்பாலும் அலர்ஜி ரூபத்துலதான் வருது, கடிச்ச இடம் பயங்கரமா வலிச்சு வீங்கும், சிலருக்கு தொண்டை அடைச்சு பிரஷர் எறங்கி மயக்கம் வர்ற வரைக்கும் போகும், அனாஃபிலாக்ஸிஸ்னு சொல்லுவோம். போர்னியோல ஒரு ஆராய்ச்சியாளர கடிச்சு அவருக்கு அப்படி ஆனத 2014ல கட்டுரையா எழுதியிருக்காங்க. இதுக்குன்னு தனியா விஷமுறிவு மருந்து கெடையாது, அட்ரினலின் ஊசியும் ஆஸ்பத்திரி கவனிப்பும்தான். குழந்தை இருக்குற வீட்ல வைக்கிற பொருளே இல்ல இது.

செல்விமலர்:
ஐயோ, எனக்குக் கை நடுங்குது. ஆனா அந்த வீடியோல அது கடிக்கவே இல்லையே, விஷம் இருந்தா வளக்குறவங்க எப்படி வச்சுக்கிறாங்க?

இரவாடி:
பல்ல பிடுங்கிருவாங்க. சந்தைக்கு வர்றப்பவே வியாபாரிங்க நகவெட்டி வச்சு முன்பல்ல வெட்டிருவாங்க, மயக்க மருந்து எதுவும் கெடையாது. நெறைய செத்துப்போகும், ரத்தம் போயும் சீழ் பிடிச்சும். தப்பிச்சது திரும்ப காட்டுக்குப் போக முடியாது, ஏன்னா அந்தப் பல்லாலதான் அது மரப்பட்டைய கீறிப் பிசின் எடுக்கும், அந்தப் பல்லாலதான் மயிர கோதிக்கும். ஜாவால போகோர் பக்கத்துல ஒரு மறுவாழ்வு மையம் இருக்கு, அங்க இப்படி பல்லு போனதுங்க ஆயுசு முழுக்க அங்கயேதான் இருக்கும்.

2007லயே நாடு விட்டு நாடு வியாபாரம் பண்றத சைட்ஸ் ஒப்பந்தத்துல முழுசா தடுத்துட்டாங்க. அப்புறமும் 2009ல அந்த வீடியோ. 2013ல ஆராய்ச்சியாளர்கள் அந்த ஒரு வீடியோவுக்கு வந்த 12,000க்கும் மேல கமெண்ட்டுகள உக்காந்து பிரிச்சுப் பாத்தாங்க, "எனக்கும் ஒண்ணு வேணும்"ங்கிறது அதுல ரொம்ப அடிக்கடி வந்த பேச்சு. நான் இத கோவமா எழுதுறேன்னு தோணலாம், கோவம்தான், ஆனா உங்க மேல இல்ல அக்கா, நீங்க வாங்குறதுக்கு முன்னாடி கேட்டீங்க.

ஈப்போகுமரன்:
மலேசியாலேருந்து எழுதுறேன். இங்க மலாய்ல ஸ்லோ லோரிஸ கொங்காங்னு சொல்வாங்க. எங்க தாத்தா ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டப் போறப்போ விடிகாலைல தலைவிளக்கு வெளிச்சத்துல ரெண்டு நெருப்புக் கண்ண பாத்துட்டு பேய்னு ஓடி வந்திருக்காங்க, அத ஆயுசு முழுக்க சொல்லிட்டே இருப்பாங்க.

எங்க பேராக் மாநிலத்துல செகாரி மெலிந்தாங் காட்டுல ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, 2008ல வெளியாச்சு. பெர்தாம்னு ஒரு பனை, அதோட பூந்தேன் மொட்டுலயே புளிச்சு கள்ளு மாதிரி ஆயிடும், 3.8 சதவீதம் வரைக்கும் ஆல்கஹால், பீர் அளவு. இறகு மாதிரி வால் இருக்குற ஒரு மர மூஞ்சுறு ராத்திரி பூரா அத குடிக்கும், நம்ம கொங்காங்கும் குடிக்கும். ஆனா போதைல தடுமாறுன மாதிரி ஒண்ணுமே தெரியலயாம். மரத்துல ஒரு பிடி தவறுனா செத்துச்சு, அப்ப போதை ஏறக்கூடாதுல்ல, உடம்பு அதுக்கேத்த மாதிரி பழகிருக்கு.

கடவூரான்:
எங்க ஊரு தேவாங்கு இந்த மாதிரி தேன் பிசின் பக்கம் ரொம்ப போகாது, அதுக்குப் பூச்சிதான். 1997, 98ல திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர் காட்டுல அன்னா நெகாரிஸ்னு ஒரு அம்மா வந்து மாசக்கணக்கா ராத்திரி ராத்திரி தேவாங்கு பின்னாடியே நடந்து படிச்சாங்க. அது சாப்பிடுறது 96 சதவீதம் உயிருள்ள இரைதான்னு கணக்கு எடுத்தாங்க, அதுலயும் எறும்பும் கரையானும்தான் ஜாஸ்தி. கொட்டுற எறும்பு, நாத்தம் அடிக்கிற வண்டுன்னு மத்தது தொடாததயும் இது தின்னும். தின்னுட்டு தும்மும், எச்சில் ஒழுகும், தலைய உதறும், கைல மூத்திரத்த விட்டு தேச்சுக் கழுவிக்கும். எங்க அப்பா சின்ன வயசுல இதப் பாத்துட்டு தேவாங்குக்கு வலிப்பு வந்துருச்சுன்னு நெனச்சாராம்.

அதே அம்மாதான் அப்புறம் ஜாவால போயி ஸ்லோ லோரிஸ் ஆராய்ச்சி பண்றாங்க. நம்ம கருவேலங்காட்டுல ஆரம்பிச்ச வேலைங்கிறதுல எனக்கு ஒரு பெருமை இருக்கு, மறைக்க மாட்டேன்.

இரவாடி:
கடவூரான் சொன்னதுக்குத் தொடர்ச்சியா. ஜாவால காருட் பக்கத்துல சிபகாந்தின்னு ஒரு மலை கிராமம், காடுன்னு பெருசா இல்ல, காய்கறித் தோட்டத்துக்கு நடுவுல மரவரிசை, அங்கதான் லோரிஸ் இருக்கு. கழுத்துல ரேடியோ பட்டை போட்டு 8 வருஷம் 82 லோரிஸ பின்தொடந்தாங்க. 2020ல முடிவு வந்துச்சு, பிடிச்சுப் பாத்த தடவைங்கள்ல 20 சதவீதம் உடம்புல புதுக் கடிக்காயம். புலி சிறுத்தை கடி இல்ல, இன்னொரு லோரிஸ் கடி. சதை அழுகி காது போனது, கண்ணு போனது, பாதி முகம் போனது எல்லாம் இருக்கு. ஆணும் பெண்ணும் ரெண்டுமே தன் எல்லைக்குள்ள அந்நியன விடாது, அம்மா அப்பா எல்லைய விட்டு வெளிய போற இளசுங்கதான் நெறைய அடி வாங்குது. விஷம் எதிரிக்காக வந்துச்சுன்னு நெனச்சுட்டு இருந்தாங்க, சொந்தக்காரனுக்காகத்தான் அதிகம் செலவாகுதுன்னு தெரிஞ்சுச்சு.

உயிரியல்_ஆசிரியை:
ஒரு இடத்துல நிதானமா இருக்கணும். நாகப்பாம்பு மாதிரி வேஷம் போடுதுன்னு ஒரு பேச்சு இணையத்துல முடிஞ்ச முடிவு மாதிரி சுத்துது. கைய தலைக்கு மேல கோத்தா படம் எடுத்த மாதிரி தெரியும், முகத்துல முதுகுல இருக்குற கோடு பாம்புக்கு ஒத்துப்போகுது, சீறும், இடுப்ப வளைச்சு வளைச்சு ஆடும், மத்த குரங்குகள விட முதுகெலும்பு கண்ணிகளும் அதிகம், எல்லாம் உண்மை. ஆனா பாம்பப் பாத்து வந்த சாயல்ங்கிறது 2013ல அந்த அன்னா நெகாரிஸ் குழு முன்வச்ச கருத்து, பிடிச்சிருக்கு, நிரூபிச்சாச்சுன்னு சொல்ல மாட்டேன். முகத்துக் கோடு தன் இனத்த அடையாளம் காணவும் இருக்கலாம், "எனக்கு விஷம் இருக்கு"ன்னு எச்சரிக்கவும் இருக்கலாம்.

அப்புறம் ஸ்லோங்கிற பேரு. உடம்பு எரிக்கிற சக்தி அந்த எடைக்கு இருக்க வேண்டியதுல பாதி கூட இல்ல, பிசின மெதுவா செரிச்சு ஓட்டுற உடம்பு. வியட்நாம்ல குக் பூங் தேசியப் பூங்காவுல குட்டை லோரிஸுக்கு வெப்பமானி வச்சுப் பாத்தாங்க, குளிர் மாசத்துல உடம்பச் சில்லுன்னு ஆக்கிட்டு 63 மணி நேரம் வரைக்கும் ஒரே தூக்கம். அதுவரைக்கும் மடகாஸ்கர் லெமூருங்கதான் குரங்கினத்துல இப்படித் தூங்கும்னு நெனச்சோம், அங்க கொழுப்பு வால் குட்டை லெமூர் வால்ல கொழுப்ப சேத்து வச்சு மரப்பொந்துல 7 மாசம் வரைக்கும் கெடக்கும்.

ராஜா_கோவை:
மேடம் அப்ப டார்சியர்? பிலிப்பைன்ஸ் போனப்ப பாத்தோம், அதுக்கும் கண்ணு இப்படித்தான், அதுவும் இந்தக் குடும்பமா?

உயிரியல்_ஆசிரியை:
இல்ல, அது லோரிஸ விட நமக்குத்தான் கிட்டத்து சொந்தம். அதோட முன்னோர் பகல்ல நடமாடி, அந்தக் கண்ணாடிப் படலத்த இழந்துட்டு, திரும்ப ராத்திரிக்குப் போச்சு. படலம் இல்லாததுக்கு ஈடாத்தான் கண்ணே பெருசாயிடுச்சு, ஒரு கண்ணு மூளை அளவுக்கு இருக்கும், குழில உருட்டவே முடியாது, அதான் கழுத்த ஆந்தை மாதிரி திருப்பும். செடி கொடி ஒண்ணும் தொடாது, முழுக்க இரைதான். கூட்டமும் ஃபிளாஷும் அதுக்கும் ஆகாது, அடுத்த தடவ போனா தூரத்துலேருந்து பாருங்க.

ஜோர்ஹாட்_முருகன்:
அஸ்ஸாம்ல டீ எஸ்டேட் மேனேஜரா 6 வருஷம் இருந்தேன். அங்க ஸ்லோ லோரிஸ லாஜுகி பாந்தோர்னு சொல்றாங்க, வெக்கப்படுற குரங்குன்னு அர்த்தம், முகத்த கைக்குள்ள மறைச்சுக்கும். கிப்பன் சரணாலயம் எங்க எஸ்டேட் பக்கம்தான். ஒரு நாள் காலைல தொழிலாளிங்க நிழல் மரத்துலேருந்து விழுந்த ஒண்ண கூடைல எடுத்துட்டு வந்தாங்க, கரண்ட் கம்பில அடிபட்டு ஒரு கை கருகிப்போச்சு. வனத்துறைக்கு சொல்லி அவங்க வர்றதுக்குள்ள போயிடுச்சு. கிளைக்கும் கிளைக்கும் நடுவுல இடைவெளி வந்தா குதிக்கத் தெரியாது, கம்பிய கொடின்னு நெனச்சு பிடிச்சுரும். அன்னைக்கு சாயங்காலம் நாங்க எஸ்டேட்டுக்குள்ள கம்பிய ஒட்டுன கிளை எல்லாத்தையும் வெட்டச் சொன்னோம், அது சரியா தப்பான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியல.

இரவாடி:
முருகன் அண்ணா, கிளைய வெட்டுனது கம்பிக்கிட்ட போகாம தடுக்கும், ஆனா வேற வழி விடணும். அதே சிபகாந்தில ஒரு அருமையான வேலை பண்ணாங்க. விவசாயிக்கு தோட்டத்துக்குத் தண்ணிக் குழாய் வேணும், லோரிஸுக்கு மரத்துக்கு மரம் பாலம் வேணும். குழாய தரைல போடாம மரத்துக்கு மரம் உயரத்துல இழுத்துக் கட்டுனாங்க, தண்ணியும் போகுது, மேல லோரிஸும் நடக்குது. விவசாயிக்குக் குழாய் வேணும்ங்கிறதால அவரே அத பழுதுபாத்து வச்சுக்கிறாரு.

வன்னிமகன்:
நான் வவுனியாப் பக்கம். எங்கட ஆக்களும் தேவாங்கெண்டுதான் சொல்லுறவை, சிங்களத்தில உணஹபுளுவா. வயல் காவலுக்குக் கிடக்கேக்க பாலை மரத்தில விசில் அடிச்ச மாதிரிச் சத்தம் கேக்கும், முதல் தரம் கேட்டா ஆரோ ஆள் கூப்பிடுறான் எண்டு நினைப்பியள். தெற்கில ஹோட்டன் சமவெளியில மயிர் அடர்ந்த ஒரு வகை இருக்கு, 1937க்குப் பிறகு ஆரும் ஒழுங்காக் காணேல்ல, அழிஞ்சு போச்சு எண்டே நினைச்சவை, பிறகு 2010ல படத்தோட செய்தி வந்தது. குளிருக்குக் கை கால் கட்டையா, கம்பளி போத்தின மாதிரி இருந்தது. அந்தப் படத்த இப்பவும் போனில வச்சிருக்கிறன்.

கடவூரான்:
வன்னி அண்ணே அந்த விசில்தான், எங்க ஊருலயும் அதேதான்! முன்னெல்லாம் தேவாங்கு கண்ணுல மை பண்ணலாம், வசியம் பண்ணலாம்னு பிடிச்சுட்டுப் போவாங்க, குறி சொல்றவங்க தோள்ல வச்சுட்டுத் திரிவாங்க, ஒல்லியா இருக்குற பிள்ளைய தேவாங்குன்னு திட்டுவாங்க. இப்ப கரூர் திண்டுக்கல் ரெண்டு மாவட்டத்துலயும் சேத்து 11,806 ஹெக்டேர 2022 அக்டோபர்ல கடவூர் தேவாங்கு சரணாலயம்னு அறிவிச்சாங்க, நாட்டுலயே தேவாங்குக்குன்னு முதல் சரணாலயம். ஆனா தேவாங்கு சரணாலய எல்லைய படிச்சுட்டு நடக்காது, எங்க வேலி கிளுவையிலயும் புளிய மரத்துலயும்தான் பாதி இருக்கு. ரோட்ட விரிவாக்கறேன்னு புளிய மரத்த வெட்டுனப்ப ரெண்டு பக்கமும் இருந்தது தனித்தனியா போச்சு, தரைல எறங்கி ரோட்ட தாண்டி லாரில அடிபட்டத நானே மூணு எடுத்துப் புதைச்சிருக்கேன்.

செல்விமலர்:
எல்லாருக்கும் நன்றிங்க, முழுசா பொண்ணுக்கு வாசிச்சுக் காட்டுனேன். பல்ல வெட்டுறது வந்தப்ப அழுதுட்டா, அப்புறம் அவளே குரூப்ல அந்த வீடியோவுக்குக் கீழ "இது சிரிக்கல, பயந்துட்டு இருக்கு"ன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டா. அவளுக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கு, கேக்க சொல்றா. ராத்திரி அம்மா இரை தேடப் போறப்ப குட்டி எங்க இருக்கும், தனியா பயப்படாதா?

இரவாடி:
பாப்பாவுக்கு: ஸ்லோ லோரிஸ் அம்மா குட்டிய ஒரு கிளைல விட்டுட்டுத்தான் போகும். போறதுக்கு முன்னாடி குட்டிய நக்கிவிடும், கைச் சுரப்பி நீரும் அந்த எச்சில்ல இருக்கும், அந்த வாடைக்குப் பூச்சி பொட்டு கிட்ட வராதுன்னு ஆராய்ச்சிக்காரங்க நெனைக்கிறாங்க. குட்டி கிளைய கெட்டியா பிடிச்சுட்டு அசையாம இருக்கும். பால் வேணும்னா கிளிக் கிளிக்குன்னு கூப்பிடும், அம்மா வந்துரும்.

கடவூரான்:
எங்க தேவாங்கும் அப்படித்தான் பாப்பா, பெரும்பாலும் ரெண்டு குட்டி, கிளைல விட்டுட்டுப் போகும். ஆனா தனியா இருக்காது. அய்யலூர்ல பாத்தப்ப அம்மா போன நேரத்துல அந்தக் கூட்டத்து ஆண் தேவாங்கு குட்டிங்க இருக்குற கிளைக்கு வரும், கோதிவிடும், கூட விளையாடும். விடியறதுக்கு முன்னாடி எல்லாம் ஒண்ணா சேந்து ஒரே பந்தா சுருண்டு தூங்கிரும், எது யாரு கைன்னு நமக்குப் பிரிச்சுச் சொல்ல முடியாது. லீவுக்கு பாட்டி ஊருக்கு வந்தா சொல்லு, செவப்பு பேப்பர் ஒட்டுன டார்ச்சோட ரோட்டோரமா நின்னு கண்ணு மின்னுறது மட்டும் காட்டுறேன்.